நீலக் கண் கேட்ட சிறுமி, டோனாவூரின் ‘அம்மை’ ஆன கதை!

முட்டுக்காடு படகுத்துறை. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணி. டிக்கெட் கவுன்ட்டர் வரிசையில் எங்களுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர். கடற்கரைப் பக்கமிருந்து மேகம் இருட்டிக்கொண்டு வருகிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா மகள் (ஒண்ணாம் கிளாஸ், முன்பல் ரெண்டு இல்லை) திடீரென்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“என்னடி பண்ற?”

“சாமிகிட்ட பேசிட்டிருக்கேன் சித்தி. மழை வேணாம்னு.”

எங்கள் வீட்டில் பிள்ளையாருக்குக் கொழுக்கட்டையும் உண்டு, வேளாங்கண்ணிக்கு வேண்டுதலும் உண்டு. அவள் படிப்பது கான்வென்ட். எந்தச் சாமியிடம் பேசினாள் என்று நான் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் மழை கொட்டியது. படகு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நிமிடம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றவள், மூன்றாவது நிமிடம் “பஜ்ஜி வாங்கித் தர்றியா?” என்றாள். சாமி மேல் கோபமா என்றால், அதுவும் இல்லை. கேட்டாள், கிடைக்கவில்லை, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

நானாக இருந்தால் ஒரு வாரத்துக்கு ஸ்டேட்டஸ் போட்டுப் புலம்பியிருப்பேன்.

அதே நாள் காலையில் பக்கத்திலிருக்கும் தட்சிணசித்ராவுக்குப் போயிருந்தோம். கேரளத்தின் புதுப்பள்ளியிலிருந்து பிரித்து எடுத்துவந்து, மறுபடி அப்படியே நிறுத்தியிருக்கும் சிரியன் கிறிஸ்தவ வீடு ஒன்று அங்கே இருக்கிறது. மரத்தாலான அந்த வீட்டின் நிழலில் நின்றபோதே இந்தக் கட்டுரைக்கான யோசனை வந்துவிட்டது. அந்த வீட்டுக்காரர்கள் தங்கள் விசுவாசத்தை இயேசுவின் சீடர் தோமாவிடமிருந்து பெற்றதாகச் சொல்வார்கள். அவர் உயிர்விட்டது மயிலாப்பூரில் என்பது நம்பிக்கை. யோசித்துப் பாருங்கள், ‘காயத்தில் விரலை வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டேன்’ என்று அடம்பிடித்த ஆள், சந்தேகத்துக்கே பேர் போனவர், நம்பிக்கையைச் சொல்ல இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்ததாக நம் கடற்கரையில் ஒரு மரபு.

கடல் தாண்டி ஊழியத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் கற்றுக்கொடுக்கத்தான் வருகிறார்கள். அப்படி வந்து, குழந்தைகளிடம் கற்றுக்கொண்டவர்கள் உண்டா?

மணலில் ‘அ’ எழுதியவர்

உண்டு. இதே கடற்கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போய்க்கொண்டே இருந்தால் வரும் தரங்கம்பாடியில் முதல் உதாரணம் இருக்கிறது. 1706 ஜூலை 9-ம் தேதி, டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெட்ரிக் அனுப்பிய இரண்டு ஜெர்மன் இளைஞர்கள் அங்கே வந்து இறங்கினார்கள். சீகன்பால்குவும் புளூட்சாவும். சீகன்பால்குவுக்கு அப்போது 23 வயதுதான். அதாவது, நம் ஆபீஸில் இருந்தால் இன்டர்ன்.

தமிழ் தெரியாது. புத்தகம் கிடையாது. என்ன செய்தார்கள் தெரியுமா? வயதான திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைப் பிடித்து, அவருடைய பள்ளிக்கூடத்தையே தங்கள் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, அவர்களைப்போலவே மணலில் விரலால் எழுத்து எழுதிப் பழகினார்கள். பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்த பாதிரியார், அரைஞாண்கயிறு கட்டிய பையன்களுக்குப் பக்கத்தில் ‘அ, ஆ’ எழுதிய காட்சியை நினைத்துப் பார்த்தாலே நன்றாக இருக்கிறது. அந்த விரல்தான் பிறகு புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுதியது. இந்திய மொழி ஒன்றில் புதிய ஏற்பாடு அச்சானது அதுவே முதல்முறை. 1719-ல், 36 வயதில், தரங்கம்பாடியிலேயே இறந்துபோனார்.

ஆனால் அவர் பிள்ளைகளிடம் கற்றது மொழி. விசுவாசத்தையே பிள்ளைகளிடம் கற்ற ஒருவரின் கதைக்கு நாம் இன்னும் தெற்கே, திருநெல்வேலிச் சீமைக்குப் போக வேண்டும்.

கண்ணாடியில் தெரிந்த ‘இல்லை’

அயர்லாந்தின் வடக்கே மில்ஐல் என்ற கடலோரக் கிராமம். அங்கே 1867 டிசம்பர் 16-ல் பிறந்தவர் ஏமி கார்மைக்கேல். மூன்று வயதில் ஏமிக்கு ஒரு குறை. அம்மாவுக்கு நீலக் கண், தனக்கு மட்டும் பழுப்புக் கண். கடவுளிடம் எது கேட்டாலும் கேட்பார் என்று அம்மா சொல்லியிருந்தார். ஒரு ராத்திரி முழங்காலிட்டு நீலக் கண் கேட்டுவிட்டு, சந்தேகமே இல்லாமல் தூங்கப் போனாள். காலையில் எழுந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் கண்ணாடியைப் பார்த்தால்... அதே பழுப்பு! அழுதுவிட்டாள். ‘இல்லை’ என்பதும் ஒரு பதில்தானே என்று அவளுக்குப் புரிய வைத்தார்கள்.

இந்தச் சம்பவத்தை ஞாயிறு பள்ளிகளில் காலங்காலமாகச் சொல்கிறார்கள். பின்னாளில் தமிழ்நாட்டில் புடவை கட்டி, தோலில் காபிச் சாயம் பூசிக்கொண்டு நம் ஊர்ப் பெண்போல அவர் நடமாடியபோது அந்தப் பழுப்புக் கண்கள்தான் காப்பாற்றின என்றும், அதற்காகத்தான் அன்றைக்குக் கடவுள் இல்லை என்றார் என்றும் கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த முடிவில் கொஞ்சம் நெருடல். ஒவ்வொரு ‘இல்லை’க்கும் இப்படி ஒரு வசதியான விளக்கம் கிடைத்துவிட்டால், நம்பிக்கை என்ற ஒன்று எதற்கு? ஏமியின் வாழ்க்கையில் விளக்கமே கிடைக்காத ‘இல்லை’கள் வந்தன. அதற்குப் பிறகு வருவோம்.

வளர்ந்தபோது பெல்ஃபாஸ்ட்டில் மில் வேலைக்குப் போகும் ஏழைப் பெண்களுக்காக ஓர் இடம் வேண்டும் என்று வேண்டினார். தகரத்தால் ஆன மண்டபம் ஒன்றுக்கு 500 பவுண்டு தேவை. ஒரு பெண்மணி பணம் கொடுத்தார், மில் முதலாளி ஒருவர் நிலம் கொடுத்தார். ‘மனிதரிடம் கையேந்தாதே, கடவுளிடம் மட்டும் கேள்’ என்ற பழக்கம் அங்கேதான் ஆரம்பித்தது. கடைசிவரை அதை விடவில்லை.

சீனாவுக்குப் போக விரும்பினார். உடல்நிலை சரியில்லை என்று நிராகரித்துவிட்டார்கள். நரம்பு வலி அவரை வாழ்நாள் முழுக்கப் படுத்திய நோய். 1893-ல் ஜப்பானுக்குப் போனார். அங்கே நோயுற்ற ஒரு மூதாட்டியைப் பார்க்கப் போனபோது குளிருக்காகக் கையுறை மாட்டியிருந்தார். பாட்டி ஆர்வமாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், சட்டென்று கையுறையைப் பார்த்து, ‘இது என்ன?’ என்று கேட்க, பேச்சு அத்தோடு முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் ஏமி கிமோனோவுக்கு மாறிவிட்டார். நம் ஊரில் அவர் புடவை கட்டிய கதைக்கு முன்கதை இதுதான்.

ஜப்பானில் உடம்பு தாங்கவில்லை. கொஞ்ச நாள் இலங்கை, பிறகு வீடு. 1895 நவம்பரில் இந்தியா. முதலில் பெங்களூரு, அடுத்த ஆண்டு கடைசியில் திருநெல்வேலி. அவருக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க முன்வந்தவர் தாமஸ் வாக்கர் என்ற மிஷனரி. பொன்னம்மாள் என்ற இளம் விதவையும் இன்னும் சில தமிழ்ப் பெண்களும் சேர, மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போகும் ஒரு குழு உருவானது. இந்தியாவுக்கு வந்த ஏமி ஒரு தடவைகூடத் திரும்பி ஊருக்குப் போகவில்லை. 55 வருடம்!

‘பிள்ளை பிடிக்கிற அம்மா’

1901 மார்ச். பண்ணைவிளையில் ஏமி தங்கியிருந்த வீட்டுக்கு ஒரு காலை நேரத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கூட்டி வந்தார் ஒரு பெண். பிரீனா என்பது அவள் பெயர். பக்கத்து ஊர்க் கோயிலில் பொட்டுக்கட்டுவதற்காக விடப்பட்டவள். முன்பே ஒருமுறை தப்பித்து, தூத்துக்குடியில் இருந்த தன் தாயிடம் நடந்தே போய்ச் சேர்ந்தாள். பின்னாலேயே வந்தவர்களுக்குப் பயந்து தாய் திருப்பி அனுப்பிவிட்டார். தண்டனையாகக் கையில் சூடு போட்டார்கள்.

இப்போது இரண்டாவது முறை தப்பித்திருக்கிறாள். எங்கே போவது? அந்தப் பெண்கள் பிரீனாவைப் பயமுறுத்த ஒரு பெயர் சொல்லி வைத்திருந்தார்கள். ‘பிள்ளை பிடிக்கிற மிஸ்ஸியம்மா’. வெளியே போனால் அந்த வெள்ளைக்காரி பிடித்துக்கொண்டு போய்விடுவாள்!

பிரீனா போட்ட கணக்கைப் பாருங்கள். பிள்ளை பிடிக்கிற அம்மா ஒருத்தி இருக்கிறாள் என்றால், என்னைப் பிடித்துக்கொள்ள ஒருத்தி இருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? நேராக அங்கேயே போய்விட வேண்டியதுதான்!

ஏமியைப் பார்த்ததும் ஓடிவந்து மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இங்கேயேதான் இருப்பேன் என்றாள். கோயிலில் என்ன நடக்கும் என்பதைத் தன்னிடமிருந்த பொம்மையை வைத்துச் செய்து காட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த ஏமிக்கு அதற்குமேல் மாட்டு வண்டிப் பயணம் ஓடவில்லை.

மத்தேயு சுவிசேஷம் 18-ம் அதிகாரத்தில் ஒரு காட்சி. பரலோகத்தில் யார் பெரியவன் என்று சீடர்கள் கேட்க, இயேசு ஒரு குழந்தையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துகிறார். இப்படி ஆகாவிட்டால் உள்ளேயே வர முடியாது என்பது அவர் சொன்னதன் சாரம். பிரசங்கங்களில் இதற்குக் கள்ளமில்லாத மனசு, தாழ்மை என்றெல்லாம் விளக்கம் சொல்வார்கள். பிரீனாவிடம் இருந்தது அதைவிடத் துணிச்சலான ஒன்று. தன்னைப் பயமுறுத்தச் சொன்ன கதைக்குள்ளேயே நல்ல செய்தியைக் கண்டுபிடித்து, கேள்விப்பட்டதை மட்டும் நம்பி, இருட்டில் நடந்து வந்துவிட்டாள்.

நகம் வெட்டுவதும் ஊழியமா?

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், களக்காடு பக்கத்தில் இருக்கிறது டோனாவூர். 1820-களில் ரேனியஸ் ஐயர் காலத்தில், ஜெர்மனியின் டோனா பிரபு கொடுத்த பணத்தில் உருவான கிறிஸ்தவ ஊர். அதனால்தான் அந்தப் பெயர். அங்கேதான் ஏமி குழந்தைகளோடு குடியேறினார். 1904-ல் 17 குழந்தைகள். 1913-ல் சுமார் 130 பேர். பிறகு ஆண் குழந்தைகளும் வந்தார்கள். எல்லோரும் அவரை ‘அம்மை’ என்று கூப்பிட்டார்கள். நெல்லைக்காரர்களுக்கு அந்தச் சொல்லின் சூடு தெரியும்.

பல குழந்தைகளுக்குப் பிறந்தநாள் தெரியாது. அதனால் அவர்கள் டோனாவூருக்கு வந்து சேர்ந்த நாளையே கொண்டாடினார்கள். பூ வைத்து, பரிசு கொடுத்து, ‘வந்த நாள்’ விழா. எனக்கு இந்தத் தகவல் மிகவும் பிடித்திருந்தது. நீ பிறந்தது தெரியாவிட்டால் என்ன, நீ வந்தது எங்களுக்குத் தெரியும்!

ஆனால் சுகமான கதை இல்லை. கூட்டங்களில் பேச வேண்டிய, புத்தகம் எழுத வேண்டிய பெண், நாள் முழுக்கக் குளிப்பாட்டி, பால் புகட்டி, கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மிஷனரி வட்டாரத்திலேயே ‘இதற்கா அயர்லாந்திலிருந்து வந்தாய்?’ என்ற பார்வை இருந்தது. பிள்ளைகள் தாயின் காலைக் கட்டிப்போடும் என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்டு, கட்டுப்பட்டுவிட்டார். இயேசு துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவிய காட்சியே அவருக்கு அந்தக் கேள்விக்கான பதிலாக இருந்தது.

1903-ல் வந்த அவருடைய புத்தகம் சக மிஷனரிகளையே எரிச்சலூட்டியது. இப்படிக் கறுப்பாக எழுதலாமா என்றார்கள். குழந்தைகளைத் திருப்பிக் கேட்டு வழக்குகளும் வந்தன. அவர் மதம் பரப்ப வந்தவர், அதை மறைத்ததும் இல்லை. வளர்த்த பிள்ளைகளைக் கிறிஸ்தவர்களாகவே வளர்த்தார். அதன்மேல் கேள்வி எழுப்புகிறவர்கள் இன்றும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தச் சிறுமிகளின் கொடுமை கற்பனையல்ல. 1930-ல் சென்னையில் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவையும் அதே பின்னணியிலிருந்து தப்பிவந்த சிறுமிகள் தட்டினார்கள். அடைக்கலம் கொடுக்க யாரும் இல்லாததால் அவரே திறந்ததுதான் அவ்வை இல்லம். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1947-ல் வந்தது. அப்போது ஏமி உயிரோடு இருந்தார்.

கை தட்டிய லுல்லா

இங்கேதான் அந்தப் பதில் கிடைக்காத ‘இல்லை’கள்.

1912-ல் வாக்கர் இறந்தார். பொன்னம்மாளுக்குப் புற்றுநோய். குழந்தைகள் எல்லோரும் வேண்டினார்கள். 1915-ல் அவரும் போய்விட்டார். கைக்குழந்தைகள் தொற்றுநோயில் அடுத்தடுத்து இறந்த நாள்களும் உண்டு.

லுல்லா என்ற ஐந்து வயதுச் சிறுமி. விடியலுக்கு முந்தைய இருட்டு, மங்கலான லாந்தர். மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். பார்க்க முடியாமல் ஏமி பக்கத்து அறைக்குப் போய், இவளைச் சீக்கிரம் எடுத்துக்கொள் என்று மன்றாடினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தால், லுல்லா மேலே எதையோ பார்த்து, ஆச்சரியமும் சந்தோஷமுமாகக் கை தட்டிக்கொண்டிருக்கிறாள், பொம்மையைப் பார்த்த குழந்தைபோல. ஏமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், அவசரமாக ஊருக்குக் கிளம்புகிறவள் விடை சொல்வதைப்போல. பக்கத்தில் இருந்தவர்களையும் அப்படியே கட்டிக்கொண்டாள். பிறகு அதே திசையில் கையை நீட்டினாள்.

அவள் பார்த்தது என்ன என்பதற்கு மருத்துவர்கள் ஒரு காரணம் சொல்லலாம், பாதிரியார்கள் ஒன்று சொல்லலாம். அன்றைக்கு அந்த அறையில் இருந்த பெரியவர்கள், மரணத்தைப் பற்றித் தாங்கள் பாடமாகச் சொல்லிக்கொடுத்ததை ஐந்து வயதுப் பிள்ளை நேரில் செய்து காட்டிவிட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பகுதியை டைப் செய்யும்போது நான் இரண்டு முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

1931 அக்டோபர் 24. அன்று காலை, இன்னும் நன்றாக ஊழியம் செய்ய என்னை என்ன வேண்டுமானாலும் செய் என்று ஏமி ஜெபித்திருந்தார். மாலை மங்கும் நேரம், களக்காட்டில் மருந்தகத்துக்காகத் தயாராகிக்கொண்டிருந்த வீட்டைப் பார்க்கப் போனார். தோண்டக் கூடாத இடத்தில் தோண்டியிருந்த குழியில் விழுந்தார். கால் உடைந்தது, முதுகெலும்பும் பாதிப்பு. ஊரே ஜெபித்தது. சில வாரம் என்று நினைத்தது, கிட்டத்தட்ட 20 வருடம் ஆனது. கடைசிவரை அந்த அறைதான்.

மூன்று வயதில் கண்ணாடி முன்னால் கேட்ட அதே பதில் 63 வயதில். இம்முறை ஆறுதல் சொல்ல அம்மா இல்லை. படுக்கையிலிருந்தபடியே எழுதினார். ஏற்கெனவே வந்தவற்றோடு சேர்த்தால் சுமார் 35 புத்தகங்கள். வலியில்லாததுபோல அவற்றில் நடிக்கவில்லை என்பதுதான் அவற்றின் பலம். குழந்தைகள் அறைக்கு வந்து போய்க்கொண்டே இருந்தார்கள்.

இரண்டு வார ஊழியம்

இன்று அமெரிக்காவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் ஏராளமான இளைஞர்கள் ‘மிஷன் ட்ரிப்’ என்று பத்து நாள், இரண்டு வாரத்துக்கு வெளிநாடுகளுக்குக் கிளம்புகிறார்கள். குழந்தைகள் இல்லத்துக்குப் போவார்கள், சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், செல்ஃபி எடுப்பார்கள். ‘நான் கொடுக்கப் போனேன், குழந்தைகள்தான் எனக்குக் கொடுத்தார்கள்’ என்று திரும்பிப் போய்ச் சாட்சி சொல்வார்கள். பொய் இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு வாரம் மடியில் உட்கார்ந்த குழந்தைக்கு மூன்றாவது வாரம் என்ன ஆகிறது என்று குழந்தைகள் நலத்துறையில் வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள். உறவு உண்டாகி அறுந்து, மறுபடி உண்டாகி அறுந்தால் அந்தப் பிள்ளை யாரை நம்பும்? குழந்தையிடம் விசுவாசம் கற்றுக்கொள்வது நல்லதுதான், அதற்கான கட்டணத்தைக் குழந்தை கட்டக் கூடாது.

நம் நாட்டில் இதற்குச் சட்டமும் இருக்கிறது. சுற்றுலா விசாவில் வந்து மதப் பிரசங்கம் செய்ய முடியாது, மிஷனரி விசா தனி. குழந்தைகள் இல்லம் எதுவானாலும், யார் நடத்தினாலும், 2015 சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பது தெரிந்தால் 1098-க்கு அழைக்கலாம். வாசகர்கள் பிறந்தநாளுக்குச் சாப்பாடு போடப் போகும் இல்லம் பதிவு பெற்றதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

ஏமி 1951 ஜனவரி 18-ல் டோனாவூரிலேயே காலமானார். தன் கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் கல் வைக்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் ஒரே ஒரு சொல்: ‘அம்மை’.

முட்டுக்காட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. நீலக் கண் கதையை அக்கா மகளுக்குச் சொன்னேன்.

“அந்தப் பாப்பா அழுதுச்சா?”

“ஆமா, அழுதா.”

“அப்புறம்?”

அப்புறம் நடந்ததையும், அவளுக்குப் புரிகிற மாதிரி, பிரீனா வந்ததையும் குழியில் விழுந்ததையும் சொன்னேன். திருவான்மியூர் நெருங்கிக்கொண்டிருந்தது. மழை விட்டிருந்தது.

“கால் சரியாச்சா சித்தி?”

“இல்லடி.”

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப யாரு அவங்களுக்குச் சோறு ஊட்டுனாங்க?”

“அவங்க வளர்த்த பிள்ளைங்க எல்லாம் பெரிசாகிட்டாங்கல்ல, அவங்கதான் பார்த்துக்கிட்டாங்க.”

“ம்” என்றாள். பஜ்ஜி எண்ணெய்க் கையை என் துப்பட்டாவில் துடைத்துவிட்டு, தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.